கடலுக்குள் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

ராத்திரி பத்தரை மணிக்கு போன் அடித்தால் ஒன்று யாருக்காவது சீரியஸ்; இல்லையென்றால் யாரோ கடன் கேட்கிறார்கள். அன்றைக்கு இரண்டும் இல்லை. பி.காம். மூன்று வருஷமும் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி லா வகுப்பு முழுக்க என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிய நண்பன்.

“டேய், உனக்கு இங்கிலீஷ் தெரியும்ல?”

பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் நமக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி. “ஏதோ கொஞ்சம்...” என்றேன்.

“அப்ப சனிக்கிழமை ஊருக்கு வா. ஒரு புஸ்தகம் படிச்சுச் சொல்லணும். மீன் பார்க்கிற மெஷினோட புஸ்தகம். அதை வெச்சுக்கிறதா விக்கிறதான்னு நீதான் சொல்லணும். எனக்கும் நைனாவுக்கும் பத்து நாளா பேச்சே இல்லை.”

நண்பனுக்கு சொந்த ஊர் எக்கியார்குப்பம். மரக்காணம் பக்கம். பட்டம் வாங்கி, சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நாலு வருஷம் வவுச்சர் ஒட்டிவிட்டு, ‘இதுக்குக் கடலே மேல்’ என்று திரும்பிப் போனவன். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எனக்குக் கடல் இல்லை. எழுத வந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர். மரக்காணம் நெருங்குகிறது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, உப்பளம் சொல்லிவிடும். கோடையில் வந்திருந்தால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், கண் கூசும். நான் போனது மார்கழி. பாத்தி எல்லாம் மழைத் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. வானத்தை மடித்து மடித்துத் தரையில் காயப் போட்ட மாதிரி ஒரு காட்சி. வரப்பில் ஒற்றைக் காலில் கொக்குகள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை பார்ப்பது அவை மட்டும்தான்.

எக்கியார்குப்பம் என்ற பெயரை நீங்கள் 2023 மே மாதம் பேப்பரில் படித்திருப்பீர்கள். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இந்தக் குப்பத்து ஆட்கள் பலர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து ‘எந்த ஊர்’ என்று கேட்பவர்களிடம் ஊர் பேரைச் சொன்னால், “ஓ... அந்த ஊரா” என்று ஒரு நிமிஷம் மௌனம் வருகிறதாம். “அதுக்கு முன்னாடியும் இங்க ஊர் இருந்திச்சுண்ணே. இப்பவும் கீது” என்றாள் நண்பனின் மனைவி, எனக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே. நான் அதைப் பற்றி எழுத வரவில்லை. டப்பாவைப் பற்றி எழுத வந்தேன்.

டப்பா கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே, பாலிதீன் பை போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு திரை. கூடவே ஒரு ஒயர், அதன் முனையில் சோப்புக் கட்டி சைஸில் ஒரு கறுப்பு உருண்டை. விலை 28,000 ரூபாய். தங்கச்சியின் மூன்று பவுன் செயின் மார்வாடி கடைக்குப் போய், இது வீட்டுக்கு வந்திருக்கிறது. தை பிறந்தால் அவள் கூடப்பிறந்தவளுக்குக் கல்யாணம். வெறும் கழுத்தோடு எப்படிப் போய் நிற்பது?

“அந்தப் பொட்டி மீன் காட்டுதோ இல்லையோ, மாசம் பொறந்தா வட்டி காட்டுதுண்ணே!” என்றாள்.

நண்பன் குனிந்து சாப்பிட்டான்.

அவன் கதை இதுதான். முதல் வாரம், திரையில் நடுத் தண்ணீரில் பெரிய மேகம் மாதிரி ஒன்று தெரிந்திருக்கிறது. ஆஹா என்று வலையை விட்டால், வந்தது அத்தனையும் சொறி. ஜெல்லி மீன் என்று ஸ்டைலாகச் சொல்வீர்களே, அது. வலையைக் கழுவவே ஒரு நாள் போச்சு, உடம்பெல்லாம் அரிப்பு. அடுத்த வாரம், தரையை ஒட்டி ரத்தச் சிவப்பில் ஒரு மேடு. ‘சிவப்புன்னா நிறைய மீன்’ என்று கடைக்காரன் சொல்லியிருந்தானாம். வலை இறங்கியது, ஏறவில்லை. அது பார். கடலடிப் பாறை. எட்டாயிரம் ரூபாய் வலை கந்தலாகி வந்தது. நைனா ஒன்றும் திட்டவில்லை. கிழிந்த வலையை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்து முடிய ஆரம்பித்தவர், அன்றிலிருந்து மகனிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றான்.

போதாததற்கு, திரையில் என்னென்னவோ வருகிறதாம். தரைக்குக் கீழே இன்னொரு தரை. நடுத் தண்ணீரில் ஒரு கோடு, நாலு பாகத்தில், எங்கே போனாலும் கூடவே வருகிறது. சில நேரம் கயிறு மாதிரி நீளமாக ஒன்று. சாய்வாகப் புள்ளிப் புள்ளியாக மழை பெய்கிற மாதிரி ஒன்று.

புஸ்தகத்தைப் பிரித்தேன். நடுவில் ஒரு படம். ரோமக் குல்லாய் போட்ட ஒரு வெள்ளைக்காரர், பனிப்பாளத்தின் மேல் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே பனியில் ஒரு துளை. துளைக்குள் தூண்டில். பக்கத்தில் இதே டப்பா. ஏரி உறைந்து போகிற தேசங்களில் இப்படித்தான் மீன் பிடிப்பார்களாம். நண்பனின் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “இவரு எதுக்கு ஐஸ் பெட்டி மேல உக்காந்துகினு கீறாரு?” என்றான். நியாயமான கேள்வி. எக்கியார்குப்பத்தில் மீனின் மேல் ஐஸைப் போடுவார்கள். அங்கே ஐஸுக்குக் கீழேதான் மீனே இருக்கிறது!

சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனேன். திருப்பாமல் படித்தது நல்லதாய்ப் போயிற்று. விஷயமே அந்தப் பனிக்கட்டி ஆசாமியிடம்தான் இருந்தது.

இந்த டப்பா மீனைக் காட்டுவதே இல்லை ஸார். அது செய்வதெல்லாம், கறுப்பு உருண்டை வழியாகத் தண்ணீருக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடுவது. நம் காதுக்குக் கேட்காத சத்தம். பிறகு எதிரொலிக்குக் காத்திருப்பது. கடல் தண்ணீரில் சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேலே. 21 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு செகண்டை ஆயிரம் துண்டு போட்டால் அதில் 28 துண்டு. எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை ஆழமாகவும், எவ்வளவு பலமாக வந்தது என்பதைக் கலராகவும் வரைகிறது. அவ்வளவுதான். சிவப்பு என்றால் ‘பலமான எதிரொலி’. மீன் என்று அர்த்தமில்லை. பாறைக்கும் சிவப்புதான்.

இன்னொன்று. திரையின் வலது ஓரம்தான் ‘இப்போது’. மற்றதெல்லாம் பழசு. இடமிருந்து வலம் ஓடுவது தூரம் இல்லை, நேரம். பனிக்கட்டி ஆசாமி நகருவதில்லை. அதனால் அவருக்குக் கீழே ஒரு மீன் சும்மா நின்றால், அது புள்ளியாகத் தெரியாது. நிற்க நிற்க, நீளமான கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். போட்டு ஓடும்போது அதே மீன் பிறை மாதிரி வளைவாகத் தெரியும். ஏனென்றால் சத்தம் கீழே கூம்பு மாதிரி விரிகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் இருக்கும்போது தூரம் கொஞ்சம் அதிகம், நடுவில் குறைவு, மறுபடி ஓரத்தில் அதிகம்.

“அப்ப அந்தக் கயிறு...?” என்றான் நண்பன்.

“வலை விட்டுட்டு எஞ்சினை நிறுத்திட்டு மிதந்துக்கிட்டு இருக்கறப்பதானே வருது?”

“ஆமா.”

“கயிறு இல்லடா. உன் போட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்த மீன்!”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கணக்கில் ரெண்டு நாள் டேலி ஆகாமல் கிடந்த தொகை கிடைத்துவிட்டால், ஆடிட்டர் ஆபீஸில் ஒரு முகம் வரும். அந்த முகம்.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால், வித்தியாசத் தொகையை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒன்றை ஆரம்பித்து அதில் போட்டு வைப்போம். என்னவென்று தெரிகிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். அதை லாபம் என்று எடுத்துக்கொண்டு செலவழிக்கக் கூடாது. நண்பன் செய்தது அதைத்தான்! தெரியாத சிவப்பையெல்லாம் லாபத்தில் எழுதிவிட்டான்.

திண்ணையிலிருந்து ஒரு கனைப்பு. பெரியவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“தம்பி, காலையில நானும் வர்றேன்.”

ஞாயிறு விடியற்காலை மூணரை. அலையைத் தாண்டுவதற்குள் என் வயிறு தொண்டைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையெல்லாம் பைபர் போட்டு நிறைந்துவிட்டது. பெரியவர் கட்டுமரத்தில் போனவர். அவர் அணியத்தில் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், போட்டு அவரைச் சுமக்கிறதா, அவர் போட்டைச் சுமக்கிறாரா என்று சந்தேகம் வரும். காலடியில் ஒரு ஈயக்குண்டு, கயிற்றோடு. பாகத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி.

மயக்கம் தெரியாமல் இருக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். இந்த டப்பாவின் பூர்வீகம் ஜப்பான். நாகசாகி பக்கத்தில் படகுகளுக்கு மின்விளக்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபுருனோ என்ற குடும்பத்து அண்ணன் தம்பிகள், ‘நீர்க்குமிழி வருகிற இடத்தில் மீன் இருக்கும்’ என்று ஒரு மீனவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, யுத்தத்தில் மிஞ்சிய சாமானைக் குடைந்து, 1948இல் இதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

“அப்ப மொதல்ல சொன்னது மீன்பிடிக்கிறவன்தான்” என்றார் பெரியவர், இருட்டைப் பார்த்தபடி.

பன்னிரண்டு பாகத்தில் எஞ்சினை நிறுத்தினோம். டப்பா 21.6 மீட்டர் என்றது. பெரியவர் குண்டை இறக்கினார். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரி! குண்டின் அடியில் தடவியிருந்த கொழுப்பில் ஒட்டி வந்ததை விரலில் எடுத்துத் தேய்த்து, “சேறு” என்றார். திரையில் தரை மெல்லிய, மங்கலான பட்டையாக இருந்தது. சேறு சத்தத்தைக் குடித்துவிடும். பாறை திருப்பி அடிக்கும், பட்டை தடித்து, நீளமாக வால் விடும். வலை கிழிந்த அன்றைக்கு அந்த வால் இருந்ததா என்று நண்பனைக் கேட்டேன். தலையாட்டினான்.

இரண்டாவது தரை? அதுவும் வந்தது, சரியாக இரட்டிப்பு ஆழத்தில். சத்தம் தரையில் பட்டு மேலே வந்து, கடலின் மேல்மட்டத்தில் இடித்து மறுபடி கீழே போய் வந்தால், இரண்டு மடங்கு நேரம். டப்பா பாவம், இரண்டு மடங்கு ஆழம் என்று எழுதிவிடுகிறது. ஒரே ரசீதை இரண்டு தடவை பதிவு செய்கிற குமாஸ்தா மாதிரி. உணர்திறன் பொத்தானைக் குறைத்தோம், கீழ்த்தரை மறைந்தது. மேல்தரை அப்படியே இருந்தது. புள்ளி மழைக்கும் வைத்தியம் கிடைத்தது. பக்கத்தில் இன்னொரு போட்டு இதே மாதிரி டப்பாவோடு போய்க்கொண்டிருந்தது. அவர்கள் போட்ட சத்தத்தை நம்முடையது கேட்டுவிட்டு, தன் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறது. அவர்கள் தூரம் போனதும் மழை நின்றது.

ஆனால் நாலு பாகத்துக் கோடு மட்டும் அசையவில்லை. உணர்திறனைக் குறைத்தாலும் லேசாக இருந்தது. எஞ்சின் நின்றும் இருந்தது.

“இதுக்கு உன் புஸ்தகம் இன்னா சொல்லுது தம்பி?”

புஸ்தகம் ‘தண்ணீரின் தன்மை மாறும் இடம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் விழித்தேன்.

பெரியவர் குண்டை மறுபடி இறக்கினார், இந்தத் தடவை மெதுவாக. திரையில் அது தன்னைத் தானே ஒரு சாய்வுக் கோடாக வரைந்துகொண்டு போனது. பையனைப் போல ரசித்தார், அதை மறைக்கவும் பார்த்தார். கோட்டைத் தாண்டியதும் கை நின்றது. இரண்டு விரலில் கயிற்றைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“மேல் தண்ணி தெக்கால இழுக்குது. கீழ்த்தண்ணி சும்மா நிக்குது. ரெண்டும் ஒரே தண்ணி இல்ல.”

நண்பன் பத்து நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக, “எப்படி நைனா சொல்ற?” என்றான்.

“கயிறு சொல்லுது.”

மதியம் தூங்கி எழுந்து மூன்று பேரும் உப்பளத்துக்குப் போனோம். யோசனை என்னுடையது, அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். உப்பளத்தில் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அடியில் கனம், மேலே அளவுகள், உப்பு ஜாஸ்தியானால் மேலே மிதக்கும். சாதாரணக் கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றவிட்டு, 25 டிகிரி வந்தால்தான் உப்பு பூக்கும். மரக்காணத்து ஜனங்களின் சோறு அந்த 25இல் இருக்கிறது. மேஸ்திரி சும்மாதான் உட்கார்ந்திருந்தார். “இந்த மழையில எனக்கு எதுக்கு டிகிரி? எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்கதான் டிகிரி படிச்சவங்களாச்சே” என்றார். எங்கள் பி.காமுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

திங்கட்கிழமை விடியல். கஷாய பாட்டில் ஒன்று, குண்டோடு சேர்த்துக் கட்டியது. வாயில் தக்கை, தக்கைக்குத் தனி நூல். ஆறு பாகம் இறக்கி நூலைச் சுண்டினார் பெரியவர். மேலே கொண்டுவந்து குழாயில் ஊற்றினோம். மூன்று. மேல் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். இரண்டை ஒட்டி நின்றது. பெரியவர் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்து, மேல் தண்ணியைத் துப்பாமல் விழுங்கினார்.

“மழைத் தண்ணி.”

கழுவெளி ஏரியின் வெள்ளம் இடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலுக்கு வருகிற காலம் அது. ஆனால் அது மட்டும் இல்லை. தென்மேற்கு மழை முடிந்ததும் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்கக்கடலில் கொட்டிய தண்ணீர், கரையை ஒட்டியே தெற்கே வருகிறது. உப்பு குறைந்த தண்ணீர் லேசு. அதனால் மேலே மிதந்தபடி வரும். கடலுக்குள் ஒரு ஆறு! இதை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமோ? கிழக்குக் கடற்கரையில் எட்டு இடங்களில் மீனவர்களிடமே பாட்டிலில் கடல் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, வருஷக்கணக்காக உப்பு பார்த்து, 2014இல் எழுதினார்கள். நாங்கள் கஷாய பாட்டிலில் செய்ததற்கு அவ்வளவு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது.

காசிக்குப் போக வழியில்லாதவர்கள் மார்கழியில் எக்கியார்குப்பம் வந்து ஒரு முழுக்குப் போடலாம். கொஞ்சம் உப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு தண்ணீரும் சேருகிற எல்லையில் கண்ணுக்குத் தெரியாத பொடி ஜீவன்களும் குப்பையும் தங்கி நிற்கும். சத்தம் அதில் பட்டுத் திரும்புவதுதான் கோடு. இந்தக் கோட்டுக்கு ஏமாந்தது நண்பன் மட்டும் இல்லை. 1942இல் கலிஃபோர்னியா கடலில் அமெரிக்கக் கடற்படைக்காரர்கள், ஆழ்கடலில் முன்னூறு, நானூறு மீட்டரில் ஒரு ‘தரை’யைப் பார்த்தார்கள். கீழே நிஜத் தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில்! பகலில் இறங்குகிறது, ராத்திரி ஏறுகிறது. எந்த ஊர் தரை ஏறி இறங்கும்? 1945இல் மார்ட்டின் ஜான்சன் என்ற உயிரியல்காரர், அது ராத்திரி சாப்பிட மேலே வரும் சிறு பிராணிகளின் கூட்டம் என்று காட்டினார். அதற்குள் சில கப்பல்கள் இல்லாத மேடுகளை இருப்பதாகச் சொல்லி, கடல் வரைபடத்திலேயே ‘இருப்பது சந்தேகம்’ என்று குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புக்குத்தான் எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர்.

ஸ்வீடன் கதை இன்னும் தமாஷ். 1981இல் ஒரு சோவியத் நீர்மூழ்கி அவர்கள் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் தரைதட்டி நின்றது. அன்றிலிருந்து அந்தக் கடற்படைக்குத் தூக்கம் போச்சு. தண்ணீருக்குள் ‘படபட’வென்று வறுக்கிற மாதிரி சத்தம் கேட்டால் போதும், ‘வந்துட்டான்யா!’ என்று கப்பலும் ஹெலிகாப்டரும் கிளம்பும். வருஷக்கணக்காகத் தேடி ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் 1996இல் மீன் சத்தம் ஆராய்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் கடையில் ஒரு ஹெர்ரிங் மீனை வாங்கி, தண்ணீருக்குள் வைத்து வயிற்றை அமுக்கினார்கள். அதே சத்தம்! ஹெர்ரிங் கூட்டம் பயந்தால் பின்பக்கமாகக் காற்றை விடும். (நாகரிகமாக எழுதியிருக்கிறேன், பெரியவர் ஒரே வார்த்தையில் சொன்னார்.) ஹெர்ரிங் நம்ம ஊர் கவலை மீனுக்குப் பங்காளி முறை.

அந்தக் காற்றுப் பைதான் டப்பாவுக்கும் உயிர். மீனின் சதை கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, சத்தம் தாண்டிப் போய்விடும். உள்ளே இருக்கும் காற்றுப் பையில்தான் முக்கால்வாசி எதிரொலி. கத்தாழை மீனுக்கு நல்ல பெரிய பை. அதை நெட்டி என்பார்கள், காய வைத்தால் மீனைவிட அதற்கு விலை ஜாஸ்தி. அதே பையைத் தசையால் தட்டித்தான் கத்தாழை சத்தமும் போடும். பெரியவரின் அப்பா துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பாராம். மட்டக்களப்பில் பாடும் மீனை அப்படித்தான் கேட்பார்கள்.

“அப்ப வஞ்சிரம்?” என்றான் நண்பன்.

புஸ்தகத்தில் இல்லாத விஷயம். முந்தின ராத்திரி போனில் தேடிப் படித்து வைத்திருந்தேன். வஞ்சிரத்துக்குக் காற்றுப் பையே கிடையாது. சுறாவுக்குக் கிடையாது. திருக்கை, கணவாய் எதற்கும் கிடையாது. அவை டப்பாவில் மங்கலாகத்தான் விழும், விழாமலும் போகலாம்.

படகில் யாரும் பேசவில்லை. கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் போகிற மீன், 28,000 ரூபாய் டப்பாவின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்றால், என்ன பேசுவது?

பெரியவர்தான் ஆரம்பித்தார். கிழக்கே கையைக் காட்டினார். நாலு ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் தாழ்ந்து தாழ்ந்து எழும்பின. கீழே நெத்திலி சிதறிச் சிதறித் துள்ளியது. “டப்பா இன்னா சொல்லுது?” என்றார். திரை காலி. “பாரு இருக்குதா?” இல்லை. சேறுதான், வால் இல்லை. “அப்ப வலையை விடு.”

இதுவரைக்கும் திரையில் ‘இருக்கிறது’ என்று பார்த்து வலை விட்டவன், ‘பாறை இல்லை’ என்று பார்த்து வலை விட்டான். வந்தது ஆறு வஞ்சிரம், கொஞ்சம் காரப்பொடி, நாலு நண்டு, என் செருப்பு ஒன்று. செருப்பு எப்படி விழுந்தது என்பதை விட்டுவிடுவோம். ஏலத்தில் டீசல் போக ஓரளவு நின்றது. செயினை மீட்கிற அளவுக்கு இல்லை. ஆனால் தங்கச்சி நோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, வட்டிக்கு என்று தனியாக எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தாள். டப்பாவைத் துடைத்து மறுபடி சாமி படத்துக்குக் கீழே வைத்தவளும் அவள்தான்.

ஒரு பாக்கி இருக்கிறது. திரும்பி வரும்போது, கரையில் டவரும் ஒற்றைப் பனையும் ஒரே நேராக வருகிற இடத்தில், ஒன்பது பாகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. முதல் நாளும் அங்கேயே பார்த்திருந்தோம். உணர்திறனைக் குறைத்தோம், போகவில்லை. பக்கத்தில் வேறு போட்டு இல்லை. எஞ்சினை நிறுத்தினோம், பொட்டு கோடாக நீண்டது. குண்டை இறக்கினோம். அதன் பக்கத்திலேயே இறங்கிப் போனது, எதிலும் படவில்லை. கூம்பு அந்த ஆழத்தில் மூன்று பாகம் விரிந்திருக்கும். அது எந்த ஓரத்தில் இருக்கிறதோ, யார் கண்டது?

“வலை விடலாமா நைனா?”

பெரியவர் நீண்ட நேரம் திரையையே பார்த்தார். “இன்னான்னு தெரியல. தெரியற வரைக்கும் வலை வேணாம்” என்றார். நண்பன் ஒரு பழைய ஆடிட்டர் ஆபீஸ் டைரியை எடுத்து, தேதி, நேரம், ஒன்பது பாகம் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டான்.

நான் சென்னை வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி பத்தரைக்கு போன்.

“டேய், அது இன்னிக்கும் இருக்குடா.”

“எத்தனை பாகம்?”

“எட்டரை. நைனா உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு.”